உத்திராபதி சொன்ன சொல்

உத்திராபதிக்கு மூக்கு அடைத்தது ஒரே நாளில் நடந்ததல்ல. அரியலூருக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவர் டம்பர் ஓட்டினார். டம்பர் என்றால் மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் லாரி. ஏணியில் ஏறித்தான் இருக்கைக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்து வெள்ளைத் தூசியை இழுத்ததில் முதலில் வலது பக்கம் அடைத்தது, பிறகு இடது பக்கம் பாதி. மாத்திரை போட்டால் இரண்டு நாள் திறக்கும். பின்னர் மாத்திரைக்கும் திறக்கவில்லை. சுரங்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் அதை ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை.

அவர் மனைவி கனகவல்லி ஊர் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். மூன்று மணிக்கு அவள் வீடு திரும்பும்போது ஷிப்ட் முடித்து வந்தவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். குறட்டை தெருமுனை வரை கேட்கும். குறட்டை அவளுக்குத் தொந்தரவாக இல்லை. அது நிற்கும்போதுதான் பயம். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவாள். இருபது, முப்பது. நாற்பதைத் தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவாள். அவர் வாயைப் பிளந்து ஒரு பெரிய மூச்சை இழுத்துவிட்டு, கண் திறக்காமலேயே மறுபடி தூங்கிப்போவார். பதினோரு வருடம் அவள் இப்படி எண்ணியிருக்கிறாள். மகள் குழலி திருச்சிக்குக் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, எண்ணுவதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

2058-ல் புதுச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுரங்கங்களில் தூங்கிவிழுந்த ஓட்டுநர்களால் நிறைய பேர் செத்திருந்தார்கள். ஆளில்லா டம்பர்களைக் கொண்டுவந்து பார்த்தார்கள். தூசி அவற்றின் கேமராக்களை மூடிவிட, மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பினார்கள். மனிதன்தான் ஓட்ட வேண்டும் என்றால் நன்றாகத் தூங்கி எழுந்த மனிதன் ஓட்டட்டும் என்று முடிவானது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் நாவூக்கி பொருத்தினார்கள்.

அது அவரைக்கொட்டை அளவில் ஒரு கருவி. தாடைக்கு அடியில் தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். தூங்கும்போது தொண்டை மூடப்போகிறது என்று தெரிந்தால் நாக்கின் நரம்பில் மின்சாரம் பாய்ச்சும். பின்னால் சரியும் நாக்கு முன்னால் வரும், மூச்சு திறக்கும். மறுநாள் சுரங்க வாசலில் நிற்கும் தூணுக்கு முன் போய் நின்றால், அது நாவூக்கியைப் படித்து உறக்க எண்ணைக் காட்டும். எண்பதுக்கு மேல் பச்சை, அதற்குக் கீழே சிவப்பு. ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு வந்தால் உரிமம் போய்விடும். ஓட்டுநர்கள் அதைத் தாடைப்பொட்டி என்றார்கள்.

கம்பெனி நடத்திய முகாமில் உத்திராபதிக்கு அதை ஒரே காலையில் வைத்துவிட்டார்கள். எடை, கழுத்துச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு எழுதிய படிவத்தில் மூக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கூடத்தில் அவர் தூங்கியபோது சத்தமே இல்லை. கனகவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ண வேண்டியிருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தானும் அங்கேயே படுத்துத் தூங்கினாள்.

ஒரு வருடம் எல்லாம் பச்சையாகவே இருந்தது. இரண்டாம் வருடம் மழை பொய்த்தது. சுரங்கப் பாதையில் தூசி அடங்கத் தெளிக்கும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார்கள். உத்திராபதியின் இடது பக்க மூக்கும் முழுவதுமாக மூடிக்கொண்டது. அவர் வாயால்தான் மூச்சு விட்டார். எண் மட்டும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை.

முதலில் கனகவல்லி கவனித்தது டீயை. கொதிக்கக் கொதிக்க இறக்கியதை அவர் தண்ணீர் மாதிரிக் குடித்தார்.

“சுடலியாங்க?”

“இல்லியே.”

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் உதட்டோரம் ரத்தம் வந்தது. நாக்கைக் கடித்திருந்தார். அவருக்குத் தெரியவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் விரலை நீட்டிக் காட்டியதும் புறங்கையால் துடைத்துவிட்டு மேலும் சாப்பிட்டார்.

பிறகு பேச்சு குழறியது. ந, ம எல்லாம் சளி பிடித்தவன் பேசுவதுபோல் முன்பே மாறியிருந்தன. இப்போது நாக்கு மேலே போய்த் தொட வேண்டிய எழுத்துகளும் கரைந்துபோயின. மகளின் பெயரைச் சொன்னால் ‘குவ்வி’ என்று வந்தது. குழலி தொலைபேசியில் இரண்டு முறை “என்னப்பா? என்னது?” என்று கேட்டாள். அதன்பிறகு அவள் அழைத்தால் போனைக் கனகவல்லியிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

பேச்சோடு வேறு சிலதும் போயின. கோபம் வராது, சிரிப்பும் வராது. ஒருநாள் சமையலறைக்குள் சாரைப்பாம்பு வந்தது. கனகவல்லி கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் கதவோரம் நின்று அது போகும்வரை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். அவ்வளவுதான்.

அவர் பேசுவது அவளுக்கு மட்டும் புரிந்தது. இரண்டு வயதுப் பிள்ளைகளின் பாதிச் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவளுடையது.

ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கு அவரை அவளே அழைத்துப் போனாள். காது மூக்கு தொண்டை டாக்டர் நூர்ஜஹான் ஒரு சின்ன விளக்கை வைத்து மூக்கினுள் பார்த்தார். பிறகு ஊசி முனையால் நாக்கின் ஓரத்தைத் தொட்டார்.

“தெரியுதா?”

உத்திராபதி இல்லை என்று தலையசைத்தார்.

டாக்டர் மேசை மேல் இருந்த காகித உறிஞ்சுகுழலை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். ஒரு நுனியைக் கனகவல்லியிடம் கொடுத்து, “உறிஞ்சுங்கம்மா” என்றார். மறு நுனியை விரலால் பாதி மூடினார். உறிஞ்சியதும் குழல் நடுவில் ஒட்டிக்கொண்டது.

“மூக்கு அடைச்சா இதுதான் நடக்குது. மேல வழி கொறச்சலா இருக்கு, நெஞ்சு பலமா இழுக்குது, நடுவுல தொண்டை ஒட்டிக்குது. சரின்னு வாயத் தொறந்தா தாடை எறங்கி நாக்கு இன்னும் பின்னால போவுது. அதான் தாடைப்பொட்டி வச்சாங்க. ஆனா அடைப்பு அப்படியேதானே இருக்கு? பொட்டி என்ன பண்ணும்? தானா கரண்ட்டக் கூட்டிக்கும். வச்ச அன்னிக்கு ரெண்டுல இருந்தது, இப்ப ஒம்பதுல இருக்கு.”

“அதனாலதான் நாக்கு மரத்துப்போச்சுங்களா?”

“நாக்க அசைக்கிற நரம்பு ஒண்ணு, உணர்ச்சிக்கு ஒண்ணு. கரண்ட் கூடக்கூட பக்கத்து நரம்புக்கும் கசியுது. இப்பவே நிறுத்துனா திரும்பும். மூக்குக்குச் சின்ன ஆபரேஷன் பண்ணி, கரண்ட்டக் கொறச்சு, தொண்டை ஒட்டாம இருக்க மூக்குல காத்தடிக்கிற மாஸ்க் வச்சுப் பாக்கலாம். மூக்க மட்டும் சரி பண்ணுனா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா மூக்கச் சரி பண்ணாம எதுவும் சரியாகாது. நாலு மாசம் ஆவும்.”

“அதுவரைக்கும் வேல?”

“கரண்ட் கொறஞ்சா எண்ணு செவப்புலதான் வரும்.”

உத்திராபதி எழுந்து சட்டையைச் சரிசெய்தார். “ஆக்குவாவ்வ?” என்றார்.

டாக்டர் கனகவல்லியைப் பார்த்தார்.

“நாக்குதானேன்னு சொல்றாரு” என்றாள் அவள்.

பேருந்தில் திரும்பும்போது அவள் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தியிருந்தால் அவர் சரி என்றிருப்பார். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கரண்டைக் குறைத்தால் மறுபடியும் எண்ண வேண்டும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. இருபது, முப்பது, நாற்பது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வருகிற சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, வீராசாமி செத்தார்.

வீராசாமி தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர். பாதையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் குழாயில் கசிவு என்று அதைச் சரிசெய்யக் குனிந்திருந்தார். அவருக்கு முன்னால் நின்ற டம்பர் அந்தோணிசாமியுடையது. கல்லைக் கொட்டப் பின்னால் வர வேண்டும். பின்பக்கக் கேமராவில் தூசி அப்பியிருந்தது. ஆள் நிற்பதைச் சொல்லும் கருவி, தூசிக்கெல்லாம் கத்துகிறது என்று முன்பே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட நேரங்களில் பின்னால் வரிசையில் நிற்கும் ஓட்டுநரிடம் வாக்கிடாக்கியில் கேட்டுக்கொள்வது வழக்கம். பின்னால் நின்றது உத்திராபதி. அவர் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து அந்த இடம் முழுவதும் தெரியும்.

“உத்திராபதி, பின்னால ஆள் இருக்கா?” என்று அந்தோணிசாமி கேட்டார்.

உத்திராபதி ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தோணிசாமி வண்டியைப் பின்னால் எடுத்தார்.

விசாரணை பதினெட்டு நாள் கழித்து, சுரங்க அலுவலகத்தின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. அதிகாரி இளம்பரிதி சென்னையிலிருந்து வந்திருந்தார். கம்பெனி வக்கீல், சங்கத்துக்காரர்கள், டாக்டர் நூர்ஜஹான், அந்தோணிசாமி எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசையில் வீராசாமியின் மனைவி பச்சையம்மாள், பக்கத்தில் அவள் மகன். அவனும் அதே சுரங்கத்தில் டம்பர் ஓட்டுகிறவன்தான்.

வாக்கிடாக்கிப் பதிவை எழுத்தாக்கிய கருவி ‘இல்ல’ என்று காட்டியிருந்தது. அந்தோணிசாமியும் அதையே சொன்னார். “இல்லன்னு கேட்டுச்சுங்க ஐயா. அதுக்கப்புறம்தான் எடுத்தேன்.”

வக்கீல் எழுந்தார். “அன்னைக்கு உத்திராபதியோட உறக்க எண் தொண்ணூத்தொண்ணு. பச்சை. முழுசாத் தூங்கி எழுந்து வந்த மனுஷன். கண்ணெதிர்ல ஒரு ஆள் நிக்கிறான், இல்லன்னு சொல்லியிருக்கார். இது தனிமனுஷனோட அலட்சியம். கம்பெனி இதுல என்ன செய்ய முடியும்?”

அதிகாரி உத்திராபதியிடம் கேட்டார். “நீங்க என்ன சொன்னீங்க?”

உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. மூன்று முறை கேட்டும் திறக்கவில்லை.

“அவர் பேசினாலும் நமக்குப் புரியாது சார்” என்றார் சங்கச் செயலாளர். “அவங்க வீட்டம்மாவுக்கு மட்டுந்தான் புரியும்.”

மனைவியின் சாட்சியம் எடுபடாது என்று வக்கீல் மறுத்தார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அதிகாரி கனகவல்லியை முன்னால் கூப்பிட்டார். பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நொடிகூட நீளாத சத்தம். அவள் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள்.

பச்சையம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நில்லுன்னு சொல்லியிருக்காருங்க” என்றாள் கனகவல்லி.

“இல்லன்னுதானேம்மா கேக்குது?”

“ஐயாவுக்கு அப்படித்தான் கேக்கும். ந சொல்லணும்னா நாக்கு மேல போய்த் தொடணும், காத்து மூக்கு வழியா வரணும். எங்க வீட்டுக்காரருக்கு நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல. நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு, நாக்கக் கையில புடிச்சுக்கிட்டு நில்லுன்னு சொல்லிப் பாருங்க.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கைக்குட்டையால் நாக்கு நுனியைப் பிடித்தார், மறுகையால் மூக்கைப் பொத்தினார், சொன்னார். ‘இல்லு’ என்று வந்தது. மறுபடி வேகமாகச் சொன்னார், ‘இல்ல’ மாதிரியே கேட்டது. கைகளை எடுத்துவிட்டுத் தாளில் அதைக் குறித்துக்கொண்டார்.

“ஆபத்துன்னா கத்தியிருக்கணுமே?” என்றார் வக்கீல். “இது சாதாரணமாச் சொன்ன குரல்.”

“அவரு ஒரு வருஷமா எதுக்கும் கத்துனதில்லைங்க. வீட்டுக்குள்ள பாம்பு வந்தப்பகூட கத்தல.”

டாக்டர் நூர்ஜஹான் நாக்கின் பரிசோதனைத் தாள்களைக் கொடுத்தார். இரண்டிலிருந்து ஒன்பதுக்குப் போன மின் அளவைச் சொன்னார். தான் அந்தத் தகவலை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பியதையும், ‘எண் பச்சையாக உள்ளது’ என்று ஒரே வரியில் பதில் வந்ததையும் சொன்னார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. உத்திராபதி எச்சரித்திருக்கிறார், கருவியால் சிதைந்த பேச்சு தவறாகக் கேட்கப்பட்டது, யார் மீதும் தனிக்குற்றம் இல்லை. நாவூக்கியின் மின் அளவு நாலுக்கு மேல் போகக் கூடாது. எந்த ஓட்டுநருக்கும் முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். அடைப்புக்குச் சிகிச்சை முடியும்வரை சிவப்பு எண்ணுக்காக உரிமத்தை எடுக்கக் கூடாது. பாதையில் முழு அளவு தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நாக்கைச் சோதித்தார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ஊசி குத்தியது தெரியவில்லை. மற்ற மாவட்டங்களிலும் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அந்தோணிசாமி வேலையை விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக இவர்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீ நில்லுன்னு சொல்லியிருக்க உத்திராபதி. என் காதுல இல்லன்னு விழுந்துச்சே. பழகுனவன்தானே நானு? எனக்குப் புரிஞ்சிருக்கணும்ல?”

உத்திராபதி அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கனகவல்லி டீ போட உள்ளே போனாள். போட்டு எடுத்து வருவதற்குள் அந்தோணிசாமி போய்விட்டிருந்தார்.

சித்திரையில் உத்திராபதிக்கு மூக்கில் அறுவை நடந்தது. நடுத்தண்டு வளைந்திருந்ததை நேராக்கி, வீங்கிக் கிடந்த சதையைச் சுருக்கினார்கள். நாவூக்கியின் கரண்டை இரண்டுக்குக் கொண்டுவந்தார்கள். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள மாஸ்க் கொடுத்தார்கள். மூக்கு திறந்திருந்ததால் அது அவருக்குப் பொருந்தியது. பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நூர்ஜஹான் கனகவல்லியிடம் ஒரு விஷயம் சொன்னார்.

“தொண்டை எத்தனை தடவை மூடுதுன்னுதான் அந்த எண்ணு கணக்குப் பண்ணுது. கரண்ட் அடிக்கும்போதெல்லாம் மூளை கொஞ்சம் முழிச்சுக்குது, அத அது எண்ணவே இல்ல. மணிக்கு நாப்பது தடவை முழிச்சிருக்காரு. ரெண்டு வருஷமா இவரு முழுசாத் தூங்கவே இல்லம்மா.”

கனகவல்லி சரி என்று தலையாட்டினாள். ஓசையில்லாமல் அவர் படுத்திருந்த மத்தியானங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

ஆடியில் அவருக்கு நாக்கின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஆவணியில் உறைப்பு தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்று கன்னத்தைப் பிடித்தார். கனகவல்லி தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. வலிக்கிறது என்று சொன்னார். வ, ல, க எல்லாம் சரியாக வந்தன. அன்று சாயங்காலம் குழலியிடம் பேசும்போது பெயரையும் முழுதாகச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுவது போனுக்கு வெளியே கேட்டது.

அதற்கு மூன்றாம் நாள், அவள் அங்கன்வாடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாசலை மறித்து நின்றார்.

“கனகு, நான் அன்னிக்கு நில்லுன்னு சொல்லல.”

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நான் முழிச்சிருக்கல. அந்தோணி கேட்டது காதுல விழுந்துச்சு. பாக்காமலே இல்லன்னுட்டேன். அதுக்கப்புறந்தான் தலைய நிமிர்த்துனேன். அப்ப வண்டி வந்துருச்சு.”

“எனக்குத் தெரியும்” என்றாள் கனகவல்லி.

அவர் அவளைப் பார்த்தார்.

“மொத தடவ போட்டப்பவே தெரிஞ்சுருச்சு. இல்லன்னா வாய் தொறந்தபடி முடியும். நில்லுன்னா தாடை மேல வந்து முடியும். ஒங்களுக்கு நாக்குதான மரத்துச்சு, தாடை மரக்கலையே. தொறந்துதான் முடிஞ்சுச்சு. மூணு தடவையும்.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?”

“ஒங்களக் காப்பாத்தத்தான். வேற எதையும் நெனக்கல. மத்தது எல்லாம் அதுவா நடந்துச்சு.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மரத்துப்போயிருந்த காலத்தில் அவருக்கு வீராசாமியின் முகம் ஒருமுறைகூட நினைவில் வந்ததில்லை. நாக்குக்கு உணர்ச்சி வந்த வாரத்திலிருந்து தினமும் வருகிறது என்றார். சாப்பிட முடியவில்லை என்றார். அந்தோணிசாமி வந்து நின்றதும் கண்ணுக்குள் வருகிறது என்றார். “பச்சையம்மாகிட்டப் போய்ச் சொல்லணும். அப்புறம் ஆபீசருகிட்ட.”

கனகவல்லி அன்று விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு போனாள்.

பச்சையம்மாள் வீடு சுரங்கத்துக்கு அடுத்த ஊரில் இருந்தது. வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தாள், தோல் உரிக்காத நிலக்கடலை. இருவரையும் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். உத்திராபதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எதையும் விடவில்லை. கண் திறந்தபடியே தூங்கியது, பார்க்காமல் சொன்னது, தலையை நிமிர்த்தியபோது கண்டது. பேச்சு தெளிவாக இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கனகவல்லி கேட்டதில்லை.

பச்சையம்மாள் மல்லாட்டையைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கை நின்றது.

“அவரு சத்தம் போட்டாரா?”

“தெரியல. எனக்கு எதுவும் கேக்கல.”

அவள் மல்லாட்டைக்குள் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு கனகவல்லியைப் பார்த்தாள். “நீ தெரிஞ்சேதான் சொன்னியா?”

“ஆமாங்க அக்கா.”

“ம்.”

“நான் ஆபீசருகிட்டயும் எழுதிக் குடுத்துடுறேன்” என்றார் உத்திராபதி.

பச்சையம்மாள் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

“எழுதிக் குடுத்தா என்னா ஆவும்? அந்த உத்தரவ அன்னிக்கே தூக்கிருவானுங்க. கம்பெனி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். எம் பையனுக்கு இந்த மாசந்தான் மூக்கப் பாத்திருக்காங்க. பொட்டியில எட்டு இருந்ததக் கொறச்சு வச்சிருக்காங்க. இப்பத்தான் அவன் வீட்டுல நாலு வார்த்த பேசுறான். நீ போயி ஒன் நெஞ்சு லேசாவணும்னு சொல்லுவ, அவனுக்கு மறுபடி ஏத்தி விட்ருவாங்க. நாளைக்கு அவன் யாருக்கு இல்லன்னு சொல்லப் போறானோ.”

“அந்தோணிசாமி தன் காதுதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்.”

“நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். எம் புருசன் உசுரே போச்சு, அவன் காதத்தானே நொந்துக்குறான்.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மிஷினும் தூசியும் கொன்னுச்சுன்னு நெனச்சுக்கிட்டு நானும் ஒரு மாதிரி இருந்துட்டேன். இன்னிலேர்ந்து அதுவும் போச்சு. எனக்குச் சொல்லிட்டல்ல, போதும். இனிமே வாயத் தொறக்காத. இது நான் கேக்குறது. கேக்குறதுக்கு எனக்கு மட்டுந்தான் பாத்தியதை உண்டு.”

உத்திராபதி கைகூப்பினார். அவள் பார்க்கவில்லை. மறுபடி மல்லாட்டைக்கு முன் குனிந்துவிட்டாள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. புதிதாகப் போட்ட குழாய்களிலிருந்து சுரங்கப் பாதையில் தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்தத்தில் ஒரே ஒருவர் நின்றார். அந்தோணிசாமி. கையில் மருந்துக்கடைப் பை. இளைத்திருந்தார். இவர்களைக் கண்டதும் வேகமாக எதிரே வந்து உத்திராபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உத்திராபதி! ஒனக்குப் பேச்சு வந்துருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, நெசமா? ஒரு வார்த்த பேசு, கேப்போம்.”

உத்திராபதி அவர் முகத்தைப் பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கத்திலும் மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. உதடு பிரியவில்லை.

அந்தோணிசாமி காத்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் சரியா வரலண்ணே” என்றாள் கனகவல்லி.

“பரவால்ல, பரவால்ல. மெதுவா வரட்டும்” என்று சொல்லி, அந்தோணிசாமி நிழல் இருந்த பக்கம் அவரை மெல்ல நகர்த்தி நிற்க வைத்தார்.